புங்க விதையும் பொதுப்பணமும்

நந்தி மலையில் பிறக்கும் பாலாறு, கோலார் மாவட்டத்தின் வறண்ட நிலங்களைக் கடந்து பேத்தமங்களாவில் ஏரியாகத் தேங்குகிறது. மழை நன்கு பெய்யும் ஆண்டுகளில் ஏரி நிரம்பி வழியும். அந்த மிகுநீர் ஆந்திரத்தின் வழியே சென்று, தமிழ்நாட்டின் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் ஆகிய ஊர்களின் ஓரமாக ஓடும். அந்தக் கரையோர ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்த வடஆர்க்காட்டுச் சிற்றூர்களையும் விட்டு, நூறாண்டுகளுக்கு முன் பல தமிழ்க் குடும்பங்கள் கோலார் தங்கவயலுக்கு வேலை தேடி வந்தன. ஆறு கீழ்நோக்கி ஓடியது; மக்கள் மேல்நோக்கி வந்தார்கள். அவர்கள் குடியேறிய தங்கவயலுக்குக் குடிநீர் தந்தது பேத்தமங்களாவின் நீர்நிலையே.

குடிநீர் மட்டும் இருந்தால் சுரங்கம் இயங்காது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கத்திலிருந்து பாறையையும் மனிதரையும் மேலே தூக்க வேண்டும். கீழே ஊறும் நீரை இறைக்க வேண்டும். பாறையை இடித்துத் தூளாக்க வேண்டும். இவை அனைத்துக்கும் ஆற்றல் தேவை. தொடக்கத்தில் நீராவி எந்திரங்கள் இவ்வேலைகளைச் செய்தன. அவை விறகையும் நிலக்கரியையும் விழுங்கின. எரித்த விறகு மீண்டும் வளர ஆண்டுகள் ஆகும்; எரித்த நிலக்கரி மீண்டும் வருவதே இல்லை.

அப்போதுதான் மைசூர் அரசு ஒரு துணிவான முடிவை எடுத்தது. காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுத்து, அதைச் சுமார் 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தங்கவயலுக்குக் கம்பி வழியே கொண்டுவர வேண்டும் என்பதே அம்முடிவு. அந்நாளில் உலகிலேயே மிக நீண்ட மின்பாதைகளுள் அதுவும் ஒன்று. திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் அத்திட்டத்தை முன்னின்று நடத்தினார். 1902-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மின்சாரம் தங்கவயலை அடைந்தது. அதைக் காண அவர் உயிருடன் இல்லை. முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். பெங்களூரு நகரத் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது 1905-இல். தலைநகரப் பகுதியைவிட மூன்றாண்டுகள் முந்திக்கொண்டது தங்கவயல்.

ஓடும் நீர் தீர்ந்துபோகாத ஆற்றல். இன்று இதனைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்கிறோம். கதிரவன், காற்று, நீர், உயிர்ப்பொருள்கள் ஆகியவற்றிலிருந்து பெறும் ஆற்றல் அனைத்தும் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் செடி, மரம், சாணம், வைக்கோல் முதலிய உயிர்ப்பொருள்களிலிருந்து கிடைக்கும் எரிபொருளை உயிரி எரிபொருள் என்று அழைக்கின்றனர். சிவசமுத்திரத்திற்குப் பணம் போட்டது அரசு. அதற்குப் பின் 1909-இல் பெங்களூருவில் இந்திய அறிவியல் நிறுவனம் தோன்றியபோது, 371 ஏக்கர் நிலம் தந்ததும் மைசூர் அரசே. அந்த நிலத்தில் எழுந்த ஆய்வுக்கூடங்களிலிருந்துதான் உயிரி எரிபொருளின் கதை தொடர்கிறது.

பணம் எவ்வழியே வருகிறது?

1973-இலும் 1979-இலும் உலகச் சந்தையில் கச்சா எண்ணெயின் விலை திடீரென உயர்ந்தது. எண்ணெயைப் பெருமளவு வெளிநாட்டிலிருந்து வாங்கும் இந்தியா திகைத்தது. 1981-இல் நடுவண் அரசு, கூடுதல் ஆற்றல் மூலங்களைத் தேட ஓர் ஆணையத்தை அமைத்தது. அடுத்த ஆண்டே அதற்கெனத் தனித்துறை ஒன்றும் பிறந்தது. 1992-இல் அது தனி அமைச்சகமாக வளர்ந்தது. இன்று அதன் பெயர், புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகம். இதனுடன் அறிவியல் தொழில்நுட்பத் துறை, உயிரித் தொழில்நுட்பத் துறை ஆகியனவும் பல்கலைக்கழக ஆய்வுகளுக்கு நிதி அளிக்கின்றன.

நிதி தானாக வந்து சேர்வதில்லை. பேராசிரியர் ஒருவர் தாம் எதை ஆராய விரும்புகிறார், ஏன், எவ்வளவு செலவாகும், எத்தனை ஆண்டுகள் ஆகும் என விரிவாக எழுதி விண்ணப்பிக்க வேண்டும். அத்துறை வல்லுநர் குழு அதைப் படித்துக் கேள்விகள் கேட்கும். ஒப்புதல் கிடைத்தால் தவணை தவணையாகப் பணம் வரும். அதில் கருவிகள் வாங்குவார்கள். இளம் ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை தருவார்கள். ஆண்டுதோறும் செலவுக்குக் கணக்குக் காட்டிச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். பெரும்பாலான திட்டங்களின் காலம் மூன்று ஆண்டுகள். இந்த மூன்று என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்க. பின்னால் அது தேவைப்படும்.

புரா கற்பித்தவை

எண்ணெய் விலை உயர்ந்த மறு ஆண்டில், அதாவது 1974-இல், இந்திய அறிவியல் நிறுவனத்தில் சிற்றூர்களுக்கான அறிவியலை வளர்க்க 'அஸ்த்ரா' என்னும் பிரிவு தொடங்கப்பட்டது. அதற்கு வித்திட்டவர் வேதியியல் பேராசிரியர் அமுல்யா ரெட்டி. உலகத்தரமான ஆய்வுக்கூடத்தில் இருந்தவர், தும்கூரு மாவட்டத்தின் சிற்றூர்களுக்குச் சென்று, ஒரு வீட்டில் நாளொன்றுக்கு எவ்வளவு விறகு எரிகிறது, அதைப் பொறுக்கிவரப் பெண்களும் சிறுவர்களும் எவ்வளவு நேரம் நடக்கிறார்கள் என அளக்கச் செய்தார். இத்தகைய கணக்கெடுப்பை எளிய வேலை என நினைப்பவர் உண்டு. நாட்டின் ஆற்றல் கணக்கில் நிலக்கரியும் பெட்ரோலும் மட்டுமே இடம்பெற்ற காலத்தில், தலைச்சுமை விறகையும் அதைச் சுமந்தவரின் உழைப்பையும் கணக்கில் ஏற்றியது சிறிய செயல் அன்று.

அவ்வூர்களுள் ஒன்று புரா. அங்கே சாண எரிவாயுக் கலம் ஒன்றைக் கட்டினார்கள். காற்றுப் புகாத தொட்டியில் சாணத்தையும் நீரையும் கரைத்து விட்டால், நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து மீத்தேன் வாயுவை உண்டாக்கும். அவ்வாயுவைக் கொண்டு ஊரார் அனைவருக்கும் சமையல் எரிவாயு தர வேண்டும் என்பது முதல் எண்ணம். அது பலிக்கவில்லை. எல்லா அடுப்பும் எரியுமளவுக்கு ஊரில் சாணம் கிடைக்கவில்லை. மேலும், ஊராரின் முதல் தேவை அடுப்பன்று, குடிநீர். இதனை உணர்ந்த ஆய்வாளர்கள் தம் திட்டத்தை மாற்றினர். எரிவாயுவுடன் சிறிது டீசலும் சேர்த்து ஓடும் எந்திரத்தை நிறுவி, மின்சாரம் எடுத்து, ஆழ்துளைக் கிணற்று நீரை இறைத்தனர். 1987 முதல் புராவில் குழாயில் நீர் வந்தது. வீடுகளில் விளக்கு எரிந்தது. சாணம் கொண்டுவந்து தந்தவர்க்குக் கூலி கிடைத்தது. வாயு எடுத்தபின் எஞ்சும் கழிவு நல்ல எரு ஆதலால், அதனை அவரவர் தந்த சாணத்தின் அளவுக்கு ஏற்பத் திருப்பித் தந்தனர்.

ஏறத்தாழப் பத்தாண்டுகள் இவ்வமைப்பு நடந்தது. பின்னர் நின்றுபோனது. பலர் தம் திட்டம் நின்றுபோனால் அதைப் பற்றிப் பேசாமல் அடுத்த திட்டத்திற்கு நகர்ந்துவிடுவர். ரெட்டி அவ்வாறு செய்யவில்லை. புரா கற்பித்த பாடங்கள் எவை என்று 2004-இல் ஆய்விதழில் வெளிப்படையாக எழுதினார். தொட்டி, எந்திரம், குழாய் பற்றிய பாடங்களோடு, ஊரார் ஒன்றுகூடி ஒரு பொதுச்சொத்தை நடத்துவது எப்படி என்பது பற்றிய பாடங்களும் அதில் இருந்தன. பொதுப்பணத்தால் நடந்த ஆய்வு தோற்றாலும், அத்தோல்வியின் காரணம் பொதுவில் எழுதப்பட்டால் பணம் வீணாவதில்லை. எழுதப்படாத தோல்விக்கே இரட்டைச் செலவு; மற்றொருவர் அதே பள்ளத்தில் மீண்டும் விழுவார்.

அதே மாவட்டத்தின் ஹொசஹள்ளியில் 1988-இல் வேறொரு முறையை முயன்றனர். விறகுத் துண்டுகளைக் குறைந்த காற்றில் எரித்தால் முழுமையாகச் சாம்பலாகாமல், எரியக்கூடிய வாயு ஒன்று வெளிப்படும். அதைக் குளிர்வித்து, வடிகட்டி, டீசல் எந்திரத்திற்குள் செலுத்தினால் டீசலின் தேவை பெரிதும் குறையும். மின்கம்பி எட்டாத அச்சிற்றூருக்கு இம்முறையில் விளக்கும் நீரும் மாவரைக்கும் எந்திரமும் கிடைத்தன. எரிக்கும் விறகுக்கு ஈடாக ஊருக்கருகில் மரங்களும் வளர்த்தனர். இடையிடையே தடைகள் இருந்தும் பத்தாண்டுகளுக்கும் மேலாக அது பயன்பட்டது.

ஹொங்கே என்பது புங்கே

தமிழில் 'ப' எனத் தொடங்கும் சொற்கள் பல, கன்னடத்தில் 'ஹ' எனத் தொடங்கும். பால் அங்கே ஹாலு, பொன் ஹொன்னு, பசுமை ஹசிரு, புங்கு ஹொங்கே. தங்கவயல் மாணவர் இரு மொழியும் கேட்டு வளர்பவர் ஆதலால், இதை எளிதில் உணர்வர். இம்மரத்தின் அறிவியற்பெயரான பொங்கேமியா என்பதும் தென்னிந்திய மொழிகளில் வழங்கும் புங்கம், பொங்கம் என்னும் பெயரிலிருந்து வந்ததே.

புங்கமரம் வறட்சியைத் தாங்கும். அதன் வேர்முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கும். ஆடும் மாடும் அதன் இலையை விரும்பி மேய்வதில்லை. விதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் உண்டு. அவ்வெண்ணெய் கசக்கும், உண்ண உதவாது. முற்காலத்தில் அதை விளக்கெரிக்கப் பயன்படுத்தினர். உண்ண உதவாமையே இங்கு ஒரு நன்மை. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எரிபொருள் எடுத்தால், தட்டுக்குப் போவதா, வண்டிக்குப் போவதா என்னும் கேள்வி எழும். புங்கத்தில் அக்கேள்வி எழாது.

1990-களின் இறுதியில் இந்திய அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் உடுப்பி ஸ்ரீநிவாசா, புங்க எண்ணெயை அப்படியே டீசல் எந்திரத்தில் ஊற்றி ஓட்டிக் காட்டினார். இது புத்தம்புதிய எண்ணம் அன்று. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் எந்திரம் ஒன்று வேர்க்கடலை எண்ணெயில் ஓடியது. பின்னர்க் கச்சா எண்ணெய் மலிவாகக் கிடைத்ததால், உலகம் அதை மறந்தது.

தாவர எண்ணெய் பிசுபிசுப்பானது. நாளடைவில் எந்திரத்தில் கரி படியும். ஆகவே அதை மெலிதாக்க வேண்டும். எண்ணெயுடன் மெத்தனாலும் சிறிது காரமும் சேர்த்துச் சூடாக்கிக் கலக்குவர். சிறிது நேரம் அசையாமல் வைத்தால், கனமான கிளிசரின் அடியில் தங்கும். மெல்லிய பயோடீசல் மேலே நிற்கும். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால், விதை ஈரத்தில் கிடந்து கெட்டிருந்தால் எண்ணெயில் அமிலம் மிகும். அமிலமும் காரமும் சேர்ந்தால் கலத்தில் கிடைப்பது பயோடீசலன்று, சோப்பு! எனவே அமிலத்தை அளந்து, முதலில் அதைக் குறைத்து, அதன்பின் காரம் சேர்க்க வேண்டும். எந்த விதைக்கு எவ்வளவு என்பதைக் கண்டறிவதற்கே பல ஆய்வு மாணவர்களின் பல மாதங்கள் செலவாகியுள்ளன.

மரத்திலும் சிக்கல் உண்டு. ஒரே சாலையோரத்தில் நிற்கும் இரு புங்கமரங்களுள் ஒன்று கிளை முறியக் காய்க்கும்; மற்றொன்று நிழல் மட்டும் தரும். நன்கு காய்க்கும் மரத்தின் விதையை நட்டாலும் தாயைப் போலவே பிள்ளை காய்க்கும் என்பதற்கு உறுதியில்லை. மகரந்தம் வேறொரு மரத்திலிருந்து வந்திருக்கும். ஆதலால் சிறந்த மரங்களைத் தேடிக் கண்டு, ஒட்டுக்கட்டிக் கன்றுகளை உருவாக்க வேண்டும்.

இப்பணியில் பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் ஈடுபட்டது. மாநில அரசின் உதவியுடன் 2007-இல் ஹாசன் மாவட்டத்தின் மதேனூரில் உயிரி எரிபொருள் பூங்கா ஒன்றை அது தொடங்கியது. புங்கம், வேம்பு, இலுப்பை முதலிய மரங்களை விளைநிலத்தில் நடாமல், வரப்பிலும் வேலியோரத்திலும் நடுமாறு உழவர்க்கு அங்கே கற்பித்தனர். 2009-இல் கர்நாடகம் தனக்கெனத் தனி உயிரி எரிபொருள் கொள்கையை வகுத்தது; அதற்கு ஒரு வாரியமும் அமைந்தது. பல மாவட்டங்களின் கல்லூரிகளில் செயல்விளக்க மையங்கள் தோன்றின. வாரியத்தின் மரம் நடும் திட்டங்களுக்கு 'ஹசிரு ஹொன்னு', 'பரடு பங்கார' எனப் பெயரிட்டனர். முன்னது பச்சைப் பொன். பின்னது தரிசுப் பொன். மண்ணுக்குள் இருந்து பொன் எடுத்த தங்கவயலுக்கு, மண்ணுக்கு மேலே காய்க்கும் இப்பொன்னின் பெயர் விந்தையாக ஒலிக்கக்கூடும்.

மரத்தின் காலமும் திட்டத்தின் காலமும்

இப்போது அந்த மூன்று என்னும் எண்ணுக்கு வருவோம். திட்டத்தின் முதலாண்டில் ஆட்களை நியமித்து, கருவிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரி, மழைக்காலத்தில் கன்று நடுகின்றனர். இரண்டாம் ஆண்டில் கன்று இடுப்பளவு வளர்கிறது. மூன்றாம் ஆண்டில் இறுதி அறிக்கை எழுதுகின்றனர். புங்கமோ காய்க்கத் தொடங்கவே நான்கு முதல் ஏழு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். முழுக் காய்ப்புக்கு வர ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆகும். முதற்காய் விழும்போது அதை எடைபோட்டுக் குறித்துவைக்க வேண்டிய ஆய்வு மாணவர் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார். பல்கலைக்கழகத்தின் நிலமும் நிலையான ஆசிரியரும் இல்லையெனில், அம்மரத்தின் கணக்கைத் தொடர ஆளில்லை.

பொறுமையின்மைக்கு நாடு ஒருமுறை பெரும் விலை கொடுத்தது. 2003-இல் திட்டக்குழு அமைத்த குழு ஒன்று, காட்டாமணக்கை நாடெங்கும் நட்டு அதன் விதையிலிருந்து பயோடீசல் எடுக்கலாம் எனப் பரிந்துரைத்தது. ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலம் அதற்கெனக் கணக்கிடப்பட்டது. பல மாநிலங்களில் உழவர்கள் நம்பி நட்டனர். காட்டாமணக்கு தரிசு நிலத்தில் உயிர்வாழும் என்பது உண்மை. ஆனால், உயிர்வாழ்வது வேறு. நிறையக் காய்ப்பது வேறு. நீரும் உரமும் இல்லாத இடத்தில் விளைச்சல் மிகக் குறைவாக இருந்தது. எந்த இரகம், எந்த மண், எவ்வளவு நீர் என்பவற்றை ஆய்ந்து அறியும் முன்பே நடவு முந்திக்கொண்டது. இலக்கில் பெரும்பகுதி தாளிலேயே நின்றது. ஆய்வுக்குச் செலவிடத் தயங்கிய பணம், உழவரின் இழப்பாக வேறு வழியில் செலவானது.

பொறுத்திருந்த இடங்களில் பயன் விளைந்தது. 2008-இல் உயிரித் தொழில்நுட்பத் துறை, மும்பையின் வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தில் உயிரி ஆற்றலுக்கென ஓர் ஆய்வு மையத்தை நிறுவியது. மூன்றாண்டில் கதவடைக்கும் திட்டமாக இல்லாமல், தொடர்ந்து இயங்கும் மையமாக அது அமைந்தது. வைக்கோல் போன்ற வேளாண் கழிவிலிருந்து எத்தனால் எடுக்கும் முறையை அங்கே உருவாக்கினர். 2016-இல் உத்தராகண்டின் காசிப்பூரில் அம்முறையில் இயங்கும் செயல்விளக்க ஆலை திறக்கப்பட்டது. எட்டாண்டுகள்!

கதிரவன் ஆற்றலின் கதை இன்னும் நீண்டது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் குழுவினர் 1980-களில் உருவாக்கிய ஒரு மின்கல அமைப்பு, தொழிற்சாலைகளில் பெருமளவில் இடம்பெற்றது 2010-களில்தான். இன்று தும்கூரு மாவட்டத்துப் பாவகடாவில் 2,050 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்பூங்கா விரிந்து கிடக்கிறது. புராவும் ஹொசஹள்ளியும் இருக்கும் அதே மாவட்டம் அது. சாணமோ விறகோ தேடாமல் மின்சாரம் தரும் அத்தகடுகளின் முன், சிற்றூர் எரிவாயுக் கலம் மின்சாரப் போட்டியில் பின்தங்கிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும், லாரியும் டிராக்டரும் கப்பலும் இன்னும் நீர்ம எரிபொருளையே பெரிதும் நம்பியிருக்கின்றன. 2018-இல் வெளியான தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030-க்குள் டீசலில் 5 விழுக்காடு பயோடீசல் கலக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. பெட்ரோலில் எத்தனால் கலப்பது வேகமாக முன்னேறியது. டீசலில் பயோடீசல் கலப்பது அவ்வாறு முன்னேறவில்லை. போதிய அளவு உண்ண உதவாத எண்ணெய் கிடைக்காததே முதன்மைக் காரணம்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் ஆயிரக்கணக்கானோர் விடியற்காலை ரயிலில் பெங்களூருவுக்கு வேலைக்குச் சென்று இரவு திரும்புகின்றனர். அவர்கள் வீடு திரும்பும் வழிகளிலும் இப்பகுதியின் சாலையோரங்களிலும் புங்கமரம் அரிதன்று. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ நான்கு கிலோ விதை வேண்டும். எண்ணெய் எடுத்தபின் கிடைக்கும் பிண்ணாக்கு வயலுக்கு எருவாகும். விதையைப் பொறுக்கி, காயவைத்து, உடைத்து, சுமந்து சென்று விற்பவருக்கு அந்த நாளின் கூலியேனும் கிடைக்குமா என்பதைப் பொறுத்தே மற்ற அனைத்தும் அமையும். மதேனூரில் அளந்த எண்களும், பெங்களூருவில் ஓட்டிப் பார்த்த எந்திரமும் அந்தக் கூலிக்கணக்கில் வந்துதான் நிற்கின்றன.

பங்குனி, சித்திரை மாதங்களில் புங்கின் நெற்றுகள் முற்றி உதிர்கின்றன. சில ஊர்களில் பெண்கள் அவற்றைக் கூட்டிச் சேர்த்து எண்ணெய் ஆட்டுவோருக்கு விற்கின்றனர். பல ஊர்களில் முதல் மழை வரும்வரை அவை மரத்தடியிலேயே கிடந்து மட்கிப்போகின்றன.